பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா? சுங்கை சிப்புட் வட்டார வாசகர்களுக்கான கேள்வி பதில்

சுங்கை சிப்புட், கோலகங்சார், ஈப்போ வட்டாரத்திலிருந்து அவ்வப்போது ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ யாரோ ஒருவர் வீட்டுக் கூரையின்கீழ் ஒரு பழைய இத்தாலியக் கார் நிற்கிறது. கேட்கும் விலை ஒரு புதிய மைவியின் விலையை ஒட்டித்தான் இருக்கிறது. துணிந்து வாங்கலாமா என்பதே எல்லாருடைய கேள்வியும். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி வந்தவை இங்கே ஒன்றாகத் தொகுக்கப்பட்டுள்ளன.

எந்தக் கார்களைப் பற்றி இங்கே பேசப்படுகிறது?

1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வெளிவந்த இரண்டு கதவு இத்தாலியக் கார்களைப் பற்றி. பதில்களில் அதிகம் வருவது ஆல்ஃபா ரோமியோ ஜிடிவி. ஓர் ஆசிரியரோ செம்பனை ஆலையில் மேற்பார்வையாளராக இருப்பவரோ எட்டிப் பிடிக்கக்கூடிய விலையில் கிடைப்பது அதுதான். 1994ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமாகி, 2004 வரை தயாரிக்கப்பட்ட கார் அது. பினின்ஃபரினாவில் என்ரிக்கோ ஃபூமியா வரைந்த உருவம். முன்சக்கர இயக்கம். 1970 சிசி ட்வின் ஸ்பார்க் நான்கு சிலிண்டர், 2959 சிசி வி6 ஆகிய இரண்டு எஞ்சின்களே பேச்சில் அதிகம் அடிபடுபவை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஃபெராரி எஃப்355 பற்றியும் சில இடங்களில் சொல்லியிருக்கிறேன்.

நம் நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே உள்ள கார் என்றால், அதற்கேற்ற மதிப்பு இருக்கும்தானே?

விற்பவர் முதலில் சொல்வது இதைத்தான். ஜிடிவியும் அதன் திறந்த கூரை வடிவமான ஸ்பைடரும் சேர்ந்து உலக அளவில் சுமார் 80 ஆயிரம் தயாராயின. மலேசியாவில் அவை அரிதாகத் தெரிவதற்குக் காரணம், இறக்குமதி வரிகளின் பாரத்தால் தொடக்கத்திலேயே குறைவாக வந்ததும், வந்தவற்றில் பல பராமரிப்பின்றிப் பழுதாகிப் போனதும்தான். இப்படி அரிதாக இருப்பது விலையை உயர்த்துவதைவிட உரிமையாளரின் அலைச்சலையே அதிகமாக உயர்த்தும். பக்கத்துத் தாமானில் இன்னொரு ஜிடிவி இருந்தால் உதிரிப்பாகத்துக்கும் யோசனைக்கும் ஓர் இடம் இருக்கும்; இல்லையென்றால் எல்லாவற்றையும் நீங்களே தேட வேண்டும்.

விலையை உண்மையாகவே உயர்த்தும் அரிய தன்மை வேறு. வி6 எஞ்சின், வலப்பக்க ஸ்டீயரிங், முதல் உரிமையாளர் காலத்திலிருந்து விடுபடாத பராமரிப்புப் பதிவு, தொழிற்சாலை நிறம் மாறாத உடல் ஆகிய எல்லாம் ஒரே காரில் சேர்ந்திருப்பது அரிது. அப்படி ஒன்று கிடைத்தால் பேரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கருத்து.

காரைப் பார்க்கப் போகும் முன் எந்த ஆவணங்களைக் கேட்க வேண்டும்?

வாகன உரிமைச் சான்றிதழின், அதாவது நாம் கெரான் என்று சொல்லும் தாளின் படத்தை முதலில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் உள்ள சேசிஸ் எண், எஞ்சின் எண், தயாரிப்பு ஆண்டு, பதிவு ஆண்டு, எஞ்சின் கொள்ளளவு ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நேரில் போகும்போது காரின் உடலில் பொறிக்கப்பட்டுள்ள எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். எஞ்சின் மாற்றப்பட்டிருந்து, அந்த மாற்றம் ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையில் பதியப்படாமல் இருந்தால், உரிமை மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் கார் தேறாது. அப்போது பணமும் போய், காரும் பெயருக்கு மாறாமல் நிற்கும். எண் பொறித்த இடத்தில் புதிதாகச் சாயம் பூசிய தடமோ, வெல்டிங் அடையாளமோ, எழுத்துகளின் ஆழத்தில் வேறுபாடோ தெரிந்தால் மேற்கொண்டு எதுவும் பேசாமல் திரும்பிவிடுங்கள். திருடப்பட்ட காருக்கு முறையான காரின் எண்ணை ஒட்டவைக்கும் குளோன் வேலை இந்நாட்டில் விலையுயர்ந்த கார்களில் நடந்திருக்கிறது.

அடுத்து, வங்கியின் உரிமைக் கோரிக்கை இன்னும் நீக்கப்படாமல் இருக்கிறதா, செலுத்தாத சம்மன்கள் உள்ளனவா, ஜேபிஜே கறுப்புப் பட்டியலில் வண்டி இருக்கிறதா என்பதை எல்லாம் சரிபார்க்க வேண்டும். சாலை வரி பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத கார் என்றால், அதை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர என்ன நடைமுறை என்று ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுவிட்டு அதன் பிறகே விற்பவருக்குப் பதில் சொல்லுங்கள். “அது சின்ன விஷயம், நான் முடித்துத் தருகிறேன்” என்று அவர் சொன்னால், அந்தச் சின்ன விஷயத்தை அவரே முடித்துவிட்டு விற்கட்டும்.

மூன்றாவது, பராமரிப்பு ரசீதுகள். முத்திரை குத்திய புத்தகத்தைவிட, எண்ணெய்க் கறை படிந்த பட்டறை ரசீதுக் கட்டு எனக்கு நம்பகமானது. எந்தப் பாகம் எப்போது, எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்றப்பட்டது என்று அதில் இருக்கும். சாவிகளையும் மறக்காமல் கேளுங்கள். 1990களின் நடுப்பகுதியிலிருந்து ஃபியட் குழுமக் கார்கள் பலவற்றுக்கு வழக்கமான சாவிகளோடு சிவப்பு நிறத் தலைமைச் சாவி ஒன்றும் குறியீட்டு அட்டை ஒன்றும் கொடுக்கப்பட்டன. அவை தொலைந்துபோன காரில் பின்னாளில் இருக்கும் ஒரே சாவியும் பழுதானால் செலவு கணிசமாக இருக்கும்.

சிங்கப்பூரிலிருந்து அல்லது லங்காவியிலிருந்து வந்த கார் மலிவாகக் கிடைக்கிறதே?

மலிவாக இருப்பதற்குக் காரணமே வரி கட்டப்படாததுதான். லங்காவியின் கேவி எண் கொண்ட வரியற்ற காரைத் தீபகற்பத்தில் நிரந்தரமாக ஓட்ட முடியாது. சிங்கப்பூரில் பதிவு முடிந்த காரை இங்கே பதிய ஏபி எனும் இறக்குமதி அனுமதி வேண்டும். இவ்வளவு பழைய காருக்கு அது வழக்கமான வழியில் கிடைப்பதில்லை. முறையான மலேசியப் பதிவு இல்லாத காரைப் பார்க்கவே போக வேண்டாம்.

நேரில் பார்க்கும்போது எதை முதலில் கவனிக்க வேண்டும்?

காலையில் முதல் முறை எஞ்சினை இயக்கும் நேரத்தைத்தான். விற்பவரிடம் முதல் நாளே, “நாங்கள் வந்து சேரும்வரை காரைக் கிளப்ப வேண்டாம்” என்று சொல்லி வையுங்கள். போனதும் போனெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் எதையோ மறைக்கத்தான் முன்கூட்டியே சூடாக்கியிருக்கிறார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எண்ணெய் மூடியைத் திறந்து உள்பக்கத்தையும், குளிர்நீர்த் தொட்டியைத் திறந்து நீரின் நிறத்தையும் பாருங்கள். மூடியின் உள்ளே பால் கலந்த காப்பி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தாலும், குளிர்நீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும் எஞ்சின் தலைப்பகுதியை அடைத்துப் பிடிக்கும் ஹெட் கேஸ்கெட் மீது சந்தேகம் வர வேண்டும்.

பிறகு சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் எஞ்சின் பக்கம் நில்லுங்கள். ட்வின் ஸ்பார்க் எஞ்சினில் முதல் சில வினாடிகளுக்கு டீசல் லாரி போலக் கடகடவென்று சத்தம் கேட்டால், கேம் தண்டின் முனையில், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வேரியேட்டர் தேய்ந்திருக்கிறது. இது பரவலாக அறியப்பட்ட குறை. எஞ்சினுக்கு உடனே ஆபத்து இல்லை, ஆனால் கேம் தண்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட்டைக் கழற்றும்போது சேர்த்தே மாற்ற வேண்டிய பாகம் என்பதால் அதன் விலையைக் கணக்கில் சேருங்கள். வி6 எஞ்சினில் இந்தச் சத்தம் வராது. அங்கே கவனிக்க வேண்டியது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்; பழைய எஞ்சின்களில் இருந்த ஹைட்ராலிக் வகை டென்ஷனரில் எண்ணெய் கசியும்.

எஞ்சின் நன்றாக ஓடுகிறதென்று உடனே சாலைக்குப் போய்விடாதீர்கள். ஏர்கோனைப் போட்டு, காரை நின்ற இடத்திலேயே 20 நிமிடம் ஓட விடுங்கள். மத்தியான வெயிலாக இருந்தால் இன்னும் நல்லது. முள் 90 பாகையை ஒட்டி நிற்க வேண்டும். விசிறி தானாகச் சுழன்று தானாக நிற்பது காதில் விழ வேண்டும். ஐரோப்பியக் குளிருக்கு ஏற்றபடி அமைந்த குளிரூட்டும் முறையும் 25 ஆண்டு பழைய ரேடியேட்டரும் ஈப்போ நகரின் சாயங்கால நெரிசலில் என்ன செய்யும் என்பது அந்த 20 நிமிடத்தில் தெரிந்துவிடும். விற்பவர் பெட்ரோல் வீணாகிறது என்று முணுமுணுத்தால், அந்தப் பெட்ரோலுக்கான பணத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

காந்தம் வைத்துப் பார்த்தால் மோதிய கார் எது என்று தெரியும் என்கிறார்களே?

ஓரளவுக்குத் தெரியும், ஆனால் ஜிடிவியில் அதுவே உங்களைக் குழப்பும். விளக்குகளுக்கான துளைகளோடு முன்பக்கம் முழுவதையும் மூடும் அதன் பெரிய போனெட் உலோகத்தால் ஆனதல்ல. கலவைப் பிளாஸ்டிக்கால் ஆனது. காந்தம் அங்கே ஒட்டாததைக் கண்டு கார் மோதியிருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கதவு, பின்பக்கத் தகடு, கதவுக்குக் கீழ் ஓடும் சட்டம் ஆகிய இடங்களில்தான் காந்தத்துக்கு வேலை. அங்கே ஒட்டாவிட்டால் உள்ளே புட்டி எனும் நிரப்புப் பசையை நிறைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கி, உதிரிச் சக்கரம் இருக்கும் பள்ளத்தைத் தடவிப் பாருங்கள். நம் ஊர் மழையில் கதவு ரப்பரும் பின்கண்ணாடி ஓரமும் கசிந்தால் தண்ணீர் சேருவது அங்கேதான். விரல் நனைந்தாலோ மண்வாடை அடித்தாலோ, காரைப் பட்டறையில் தூக்கித் தரைத்தகட்டையும் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தையும் பார்க்காமல் விலை பேசாதீர்கள். விரிப்பின் அடியில் காய்ந்த வண்டல் மண் இருந்தால் வெள்ளத்தில் நின்ற காராக இருக்கலாம். இருக்கைத் தண்டவாளத் திருகுகளில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்த்து அதை உறுதிசெய்யலாம்.

டைமிங் பெல்ட் பற்றி ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?

பயம் நியாயமானதே. ஜிடிவியின் எஞ்சின்களில் அந்தப் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டன்களோடு மோதி வளைந்துவிடும். அதன் பிறகு பேச்சு பெல்ட்டின் விலையைப் பற்றியதாக இருக்காது. தொழிற்சாலை முதலில் சொன்ன இடைவெளி 120,000 கிலோமீட்டர். அனுபவத்தில் அது நீளம் என்று தெரிந்த பிறகு, 60,000 கிலோமீட்டர் அல்லது நான்கைந்து ஆண்டு, எது முன்னே வருகிறதோ அதில் மாற்றுவதே வழக்கமாகிவிட்டது. பெல்ட்டோடு டென்ஷனர், உருளைகள், தண்ணீர்ப் பம்பு ஆகியவற்றையும் மாற்ற வேண்டும். ரசீது இல்லாத பெல்ட்டை மாற்றப்படாத பெல்ட்டாகவே கருதுங்கள். விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

ஃபெராரி எஃப்355 வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இருக்கைக்குப் பின்னால் நெருக்கமாக அமர்ந்திருக்கும் அந்த 3496 சிசி வி8 எஞ்சினில் பெல்ட்டை மாற்ற, எஞ்சினையே காரிலிருந்து கீழே இறக்க வேண்டும். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வேலை இது. புகைக் குழாய்த் தலைப்பில் விரிசல் விழுவதும், தொடக்கக் கார்களில் வால்வு வழிகாட்டிகள் சீக்கிரம் தேய்வதும் அந்த மாடலின் தெரிந்த குறைகள். அடுத்து வந்த 360 மாடலில் எஞ்சினை இறக்காமலேயே பெல்ட்டை மாற்ற முடியும் என்பதால், வாங்கும் விலை கூடுதலாக இருந்தாலும் பத்தாண்டுக் கணக்கில் அது சிக்கனமாக அமையலாம்.

மிகக் குறைந்த கிலோமீட்டர் ஓடிய கார் நல்லதுதானே?

என் அனுபவத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டராவது ஓடி, ஒழுங்காக எண்ணெய் மாற்றப்பட்ட காரையே நான் முதலில் போய்ப் பார்ப்பேன். நின்றே கிடந்த காரில் ரப்பர் சீல்கள் காய்ந்து கசியும், பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், தொட்டியில் பெட்ரோல் பிசினாகி இன்ஜெக்டரை அடைக்கும், கிளட்ச் ஒட்டிக்கொள்ளும். டயரில் எவ்வளவு கோடு மிச்சமிருக்கிறது என்பதைவிட, அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. புத்தம்புதிதாகத் தெரிந்தாலும் அது ஓட்டத் தகுந்த டயர் அல்ல.

மீட்டர் பொய் சொல்லவும் கூடும். பிரேக் மிதியின் ரப்பர், ஓட்டுநர் இருக்கையின் வலப்பக்க மேடு, கியர் குமிழ் ஆகிய மூன்றும் மீட்டர் காட்டும் கிலோமீட்டருக்கு ஏற்ற தேய்மானத்தைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். ஃபெராரிகளில் இன்னொன்று: அந்தக் காலத்து உள்ளறைப் பொத்தான்களின் மென்பூச்சு நம் வெப்பத்தில் இளகி விரலில் ஒட்டும். அருவருப்பாக இருக்கும், ஆனால் அது வயதின் அடையாளம்தான்; அதற்காகக் காரை ஒதுக்க வேண்டாம்.

சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு இந்தக் காரை யாரிடம் பழுது பார்ப்பது?

காரை வாங்கலாமா என்ற கேள்விக்கு இதற்கான விடைதான் பாதி விடை. நம் ஊர்ப் போர்மன்கள் கைதேர்ந்தவர்கள். புரோட்டோனையும் ஹைலக்ஸையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கோர்ப்பார்கள். பிரேக், ஏர்கோன், சஸ்பென்ஷன் புஷ், எண்ணெய் மாற்றம் ஆகியவற்றை அவர்களிடமே தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் வி6 எஞ்சினின் கேம் தண்டுகளைச் சரியான கோணத்தில் பூட்டிப் பிடிக்கத் தனிக் கருவிகள் வேண்டும். மின்னணுப் பழுதைப் படிக்க அந்தக் காருக்கேற்ற கணினி மென்பொருள் வேண்டும். அவை பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள சில தனிப் பட்டறைகளில்தான் இருக்கும். அங்கே கொண்டுபோக இழுவை லாரி தேவைப்பட்டால், ஒரு வழிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வாடகை ஓடும்.

உதிரிப்பாகங்களைப் பொறுத்தவரை, ஜப்பானியக் கார்களுக்குக் கைகொடுக்கும் ஹாஃப்கட் கடைகளை இங்கே நம்ப முடியாது. வெட்டி விற்க இத்தாலியக் கார்கள் வருவது அபூர்வம். நல்ல வேளையாக, ஜிடிவியின் எஞ்சின்கள் ஆல்ஃபா 156, 166 முதலிய கார்களிலும் இருந்ததால், பெல்ட், பம்பு, கேஸ்கெட், சென்சார் ஆகியவை இன்றும் வெளிநாட்டுக் கடைகளில் கிடைக்கின்றன. உள்ளறைப் பாகங்கள், விளக்கு, கண்ணாடி ஆகியவற்றுக்கு வலப்பக்க ஸ்டீயரிங் நாடான பிரிட்டனைப் பாருங்கள். ஒரு பாகம் வர மூன்று வாரம் ஆகும், தவறான பாகம் வந்தால் இன்னும் மூன்று வாரம் ஆகும். வேலைக்குப் போக இந்த ஒரே காரை நம்பியிருப்பவர் இதை வாங்கக் கூடாது. வீட்டில் ஒரு ஆக்சியாவோ சாகாவோ நிற்கட்டும்.

சாலை வரி, காப்புறுதி, பெட்ரோல் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு எவ்வளவு?

தீபகற்பத்தில் தனியார் சலூன் கார்களுக்கான சாலை வரி எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது. 1970 சிசி ட்வின் ஸ்பார்க் காருக்கு 365 ரிங்கிட். 2959 சிசி வி6 காருக்கு 2,027.50 ரிங்கிட். எஃப்355 காருக்கு 4,362 ரிங்கிட். அதாவது நான்கு சிலிண்டரிலிருந்து ஆறு சிலிண்டருக்குத் தாவும்போதே வரி ஐந்து மடங்குக்கு மேல் ஏறுகிறது.

காப்புறுதியில் சிக்கல் விலையைவிட மதிப்பீட்டில்தான். இவ்வளவு பழைய காருக்குப் பல நிறுவனங்கள் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே தர முன்வரும். முழுக் காப்புறுதி தருபவரிடம் சந்தை மதிப்பா, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பா என்று கேட்டு, இரண்டாவதையே எழுத்தில் பெறுங்கள். இல்லையென்றால் கார் எரிந்துபோன பிறகு, அதைப் போன்ற கார் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்று வாதாட வேண்டியிருக்கும். ஒப்பிட இன்னொரு கார் இருக்காது. வெள்ளத்துக்கான கூடுதல் பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் செலவு இவற்றோடு ஒப்பிட்டால் கவலைப்படும் அளவுக்கு இல்லை.

வங்கிக் கடன் கிடைக்குமா?

இந்த வயதுடைய காருக்கு வழக்கமான வாடகைக் கொள்முதல் கடனை எதிர்பார்க்க வேண்டாம். தனிநபர் கடன் எடுத்து வாங்கும் நிலை என்றால், முதல் பெரிய பழுதுக்கு எங்கிருந்து பணம் வரும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

தோட்டச் சாலைகளில் ஓட்டலாமா?

செம்மண் சாலையில் வேண்டாம். தார்ச்சாலையிலும் செம்பனைக் குலை லாரிகள் ஏற்படுத்திய பள்ளங்களையும், தாமான் முனையில் உள்ள போங்கோல்களையும் குறுக்குக் கோணத்தில் மெதுவாகக் கடக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சினுக்குக் கீழ் உள்ள எண்ணெய்த் தொட்டி அடிபடும். செம்பனைக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு எலிதான் பெரிய எதிரி. நிறுத்தி வைத்த காரின் எஞ்சின் அறைக்குள் ஏறி வயர்களைக் கடித்துவிடும். வாரம் ஒருமுறையாவது காரை எடுத்து ஓட்டுவதும், இரவில் போனெட்டைச் சிறிது திறந்து வைப்பதும் பலருக்குப் பலன் தந்திருக்கின்றன.

முதலீடாக நினைத்து வாங்கலாமா?

வி6 எஞ்சின் கொண்ட ஆல்ஃபாக்களுக்கு வெளிநாட்டில் மவுசு கூடி வருவது உண்மை. ஜியுசெப்பே புஸ்ஸோ வடிவமைத்த அந்த எஞ்சின் 1979இல் வந்து, 2005இல் தயாரிப்பு நின்றதும் அதன் பெயர் இன்னும் ஓங்கியது. ஆனால் லண்டன் ஏலத்து விலை பேராக் மாநிலத்தில் உங்கள் காருக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இங்கே வாங்குபவர்கள் கொஞ்சப் பேர்தான், அவர்களும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆண்டுதோறும் செலவிடும் தொகையைக் கூட்டிப் பார்த்தால், அமானா சஹாம் போன்ற சேமிப்பில் போட்டிருக்கலாமே என்று தோன்றும். ஓட்டும் ஆசைக்காக வாங்குகிறேன் என்பவருக்கு மட்டுமே நான் சரி சொல்வேன்.

விலையை எப்படி முடிவு செய்வது?

விற்பவரின் விலையிலிருந்து தொடங்காதீர்கள். முதலில், இதே மாடலில் எந்த வேலையும் மிச்சமில்லாத நல்ல கார் என்ன விலைக்குப் போகும் என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து ஒரு தொகையை எழுதுங்கள். பிறகு அந்தக் கார்களில் பழகிய ஒரு பட்டறையில் காரைத் தூக்கிப் பார்த்து, சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனையும் செய்து, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலை விலையோடு எழுத்தில் வாங்குங்கள். சோதனைக்கான கூலியை நீங்களே கொடுங்கள், அப்போதுதான் அறிக்கை உங்கள் பக்கம் நிற்கும். சிலிண்டர்களுக்கு இடையே அழுத்த வேறுபாடு பத்து விழுக்காட்டைத் தாண்டினால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கலாம். அந்தக் காரை விட்டுவிடுவதே மேல்.

ஓர் எடுத்துக்காட்டு: நல்ல காரின் விலை 70,000 ரிங்கிட், பட்டியல் போட்ட வேலைகள் 24,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். பிரித்த பிறகுதான் தெரியும் வேலைகளுக்காக இன்னும் ஒரு மூன்றில் ஒரு பங்கை, அதாவது 8,000 ரிங்கிட்டைச் சேர்த்தால் மொத்தம் 32,000. நீங்கள் சொல்ல வேண்டிய விலை 38,000 ரிங்கிட். விற்பவர் 55,000 கேட்டால், பட்டியலை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். கோபப்படுவார். அதே குறைகளை அடுத்து வருபவரும் கண்டுபிடிக்கும்போது பெரும்பாலும் அவரே கூப்பிடுவார்.

முன்பணம் கேட்டால் கொடுக்கலாமா?

பரிசோதனைக்கு முன் கொடுக்க வேண்டாம். பின்னர் கொடுப்பதாக இருந்தால், பி5 பரிசோதனையில் தேறாவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும் என்று எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, கெரானில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். தரகர், தம்பி, மைத்துனர் என்று வேறு பெயரில் உள்ள கணக்கைக் கொடுத்தால், உரிமையாளரையே நேரில் சந்திக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மீதித் தொகையை ஜேபிஜேயில் உரிமை மாற்றம் நடக்கும் நாளன்று கொடுத்தால் போதும்.